எண்பத்து நாலாம் வருஷத்து வண்டி

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் மலையடிவாரத்தில் மெக்கானிக் பட்டறை வைத்திருந்த அவரை எல்லோரும் வருஷக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மலை ரோட்டில் ஓடும், நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் வண்டி எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் சரி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, "கதவைச் சாத்து" என்பார். சாத்துகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "எண்பத்தொண்ணு. ஆனா இந்தக் கதவு எழுபத்தொன்பதுலேருந்து கழட்டிப் போட்டது. உன்கிட்ட வித்தவன் சொல்லியிருக்க மாட்டானே?" என்பார். வந்தவன் வாயடைத்துப் போவான். இதெல்லாம் வித்தையா என்று கேட்டால், வித்தைதான். கொஞ்சம் அலட்டலும் உண்டு.

அந்த வண்டி அப்படி. பதினைந்து வருஷம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்துகொண்டிருந்தது. வெளியே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே சாடை, உள்ளே கை வைத்தால்தான் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு குணம் என்று தெரியும். எழுபத்தொன்பது, இரும்பு கெட்டி, ஏற்றத்தில் மூச்சு வாங்கும். எண்பத்தொண்ணு நன்றாக இழுக்கும், மழையில் நனைந்தால் முன்சக்கர பிரேக் பிடிக்காது. எண்பத்தேழு பார்க்க ஜோர், தகரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும். ஆக எந்த வருஷத்து வண்டியை வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு வருஷக்காரர் சொல்லும் வார்த்தைதான் முடிவு.

எண்பத்து நாலைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் முகம் மாறிவிடும். "அந்த வருஷத்து வண்டி வேண்டாம். பிறவிக் கோளாறு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவர் சொன்னது போதாதா? பதினோரு வருஷத்தில் அது வளர்ந்து பெரிய ஆலமரமாகிவிட்டது. எண்பத்து நாலின் சேஸிஸ் நடுவில் விரிசல் விடும் என்றான் ஒரு வெல்டர். தானாக நியூட்ரலுக்குப் போகும் என்றான் இன்னொருவன். வெல்டிங் பட்டறைக்கு எதிர்வீட்டுக்காரரின் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதற்குக்கூட அவர் வாசலில் நின்ற எண்பத்து நாலுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். அந்த ஆளின் வாய்தான் காரணம் என்பது தெருவுக்கே தெரியும். இருந்தாலும் பழி வண்டிக்குப் போயிற்று. கிடைத்த விலைக்கு விற்றார்கள், விலை போகாததை உடைத்துப் போட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினைந்து வருஷத்தில் எண்பத்து நாலுதான் தலைசிறந்தது. இது வருஷக்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

தெரிந்தும் ஏன் சொன்னார் என்றால், அதற்குக் காரணம் அவருடைய தங்கையின் கணவன். மலைச்சரிவில் தேன்பெட்டி வைத்திருந்தவன், தேன்காரன் என்பார்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு மச்சான் மாப்பிள்ளை ஆனார்கள். தினமும் மூன்று மணி சுமாருக்குப் பட்டறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்து, "மச்சான், எந்த வருஷம் நல்ல வருஷம்?" என்று கேட்பான். "நீ என் தங்கச்சியைக் கட்டறதுக்கு முந்தின வருஷம்" என்பார் இவர். நூறு தடவை கேட்ட கேள்வி, நூறு தடவை சொன்ன பதில். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்கள்.

அவனுக்கு எண்பத்து நாலை எடுத்துக் கொடுத்ததே இவர்தான். ஒரு நாள் பிரேக்கில் கோளாறு என்று கொண்டுவந்தான். பெடலை மிதிக்கிற வேகத்தை உள்ளே கொண்டுபோய்த் தள்ளுகிற சின்னக் கம்பி ஒன்று உண்டு, புஷ் ராடு என்பார்கள். அது வளைந்திருந்தது. எண்பத்து நாலின் ராடு வெளியூரிலிருந்து வர நாலு நாள் ஆகும். மலையிலோ பூ விட்டுவிட்டது, பெட்டிகளை உடனே ஏற்றியாக வேண்டும். உடைத்துப் போட்ட எண்பத்து மூணு ஒன்றின் ராடு இவர் கையருகில் கிடந்தது. எண்பத்து மூணின் ராடு ஒரு நகத்தின் கனம் கூடுதல் நீளம். வெளியிலிருந்து பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் காலை எடுத்த பிறகும் பிரேக் முழுக்க விடாது, உரசிக்கொண்டே இருக்கும். வேறு எந்த மெக்கானிக்காவது போட்டிருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். இவர் தெரிந்தே போட்டார். நாலு நாள்தானே என்று நினைத்தார்.

மறுநாள் காலை தேன்காரன் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, "மச்சான், வீலெல்லாம் சுடுது" என்றான். இவர் கை இன்னொரு எஞ்சினுக்குள் முழங்கை வரை போயிருந்தது. "புது ராடுன்னா ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். போயிட்டு வா" என்றார். அவன் போனான். பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது, நீளமான இறக்கத்தில் பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் தரையைத் தொட்டது. ஏழாவது வளைவில் வண்டி திரும்பவில்லை.

வண்டியைச் சோதித்துச் சொல்ல போலீஸ்காரர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? இவரைத்தான் கூப்பிட்டார்கள். தனியாகப் பள்ளத்தில் இறங்கி, நசுங்கிய தகரத்துக்குள் கைவிட்டு, அந்த ராடைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தார். "இந்த வருஷத்து வண்டியிலேயே கோளாறு சார். வித்துடு வித்துடுன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன், அவன் கேக்கலை" என்றார். பக்கத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவளும் கேட்டாள்.

காரியம் முடிந்து பட்டறையைத் திறந்த முதல் நாளே, மூன்று மணிக்குத் தேன்காரன் வந்துவிட்டான்.

பேய் பிசாசு என்று அலறுகிற ஆளில்லை வருஷக்காரர். பட்டப்பகலில், வெயில் தகரக் கூரையில் சுள்ளென்று அடிக்கும்போது, டப்பாவில் வந்து உட்கார்ந்தான். தேனீயை அடக்கப் போடும் புகையின் வாசனை அடித்தது. உடம்பில் காயமில்லை, சட்டையில் ரத்தமில்லை. "மச்சான், எந்த வருஷம் நல்ல வருஷம்?" என்று கேட்டான். உயிரோடு இருந்தவரை சிரித்துக்கொண்டே கேட்டான், இப்போது சிரிக்காமல் கேட்டான். அவ்வளவுதான் வித்தியாசம். இவர் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் அவன் வந்திருக்கிறான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.

பதினோரு வருஷமாக இதே கதை. இவர் கண்டுகொள்ளவில்லை, அவனும் விடுவதாக இல்லை. டப்பாவைத் தூக்கி எறிந்தார், அவன் டயர்மேல் உட்கார்ந்தான். டயரை விற்றார், நின்றுகொண்டே கேட்டான். பயமெல்லாம் முதல் வருஷத்தோடு போய்விட்டது. வெட்கம் மட்டும் போகவே இல்லை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் தங்கையும் அவள் மகளும் பட்டறைக்கு வந்தார்கள். மகளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவின் தேன்பெட்டிகளை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வாடகை வண்டிக்காரர்கள் தேனீ என்றாலே ஓடிவிடுகிறார்கள், இந்தத் தடவை பூ விட்டு ஒரு வாரமாகியும் ஒருவனும் வரவில்லை.

"மாமா, சொந்தமா ஒரு பிக்கப் எடுக்கலாம்னு இருக்கோம்" என்றாள் அவள். "பழைய வண்டி விக்கிற யார்டுல மூணு நிக்குது. எண்பத்தொண்ணு, எண்பத்து நாலு, எண்பத்தேழு. நீங்க வந்து பாக்கணும்."

"எண்பத்தொண்ணு எடுத்துக்க" என்றார் யோசிக்காமல்.

"மழையில பிரேக் பிடிக்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க? அந்த மலையில வருஷத்துல பாதி நாள் மழைதானே மாமா?"

"அப்ப எண்பத்தேழு."

"எட்டுப் பெட்டிக்கு மேல ஏத்தினா பாடி தாங்காது." அவள் தோள்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு வருஷத்துக்கும் கம்பெனி போட்ட கையேட்டைத் தேடிப் பிடித்து, பக்கம் பக்கமாக ஒப்பிட்டு எழுதி வைத்திருந்தாள். "மூணு மாசமா பாத்தேன். முன்னாடி டிஸ்க் பிரேக், கெட்டித் தகரம், நல்ல கியர்பாக்ஸ், மூணும் சேந்து வந்தது எண்பத்து நாலுல மட்டும்தான். எழுத்துல ஒரு குறையும் இல்ல. அப்படி என்னதான் மாமா அதுல கோளாறு?"

மணி மூன்று ஆகியிருந்தது, புகை வாசனை வந்துவிட்டது. தேன்காரன் மகளுக்குப் பின்னால் நின்று அந்த நோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைத்தான் மகள் கேட்டுவிட்டாளே.

தங்கைதான் குறுக்கே பேசினாள். "அந்தச் சனியன் வேண்டாம்டி. உங்கப்பாவும் இப்படித்தான் பிடிவாதம் பிடிச்சாரு. மாமா எத்தனை தடவை விக்கச் சொன்னாரு? கேட்டாரா? நம்ம ரெண்டு பேரையும் நெனைச்சிருந்தா கேட்டிருப்பாரு." அவள் குரலில் அழுகை இல்லை, பழகிப்போன கசப்புதான் இருந்தது. தேன்காரன் தலையைக் குனிந்துகொண்டான். செத்தவன் முகம் வாடுவதை அன்றைக்குத்தான் வருஷக்காரர் முதல் தடவையாகப் பார்த்தார்.

பொய்யை இன்னும் ஒரு சுற்று ஓட்டிவிடலாம். ஓட்டினால் இந்தப் பெண் எண்பத்தொண்ணில் ஏறி, மழையில், அதே இறக்கத்தில் இறங்குவாள். "நாளைக்கு யார்டுக்கு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

யார்டில் மூன்று வண்டிகளும் வரிசையாக நின்றன. வருஷக்காரர் மற்ற இரண்டின் பக்கம் திரும்பவே இல்லை. எண்பத்து நாலின் பானெட்டைத் திறந்து, பிரேக்கைப் பிரித்து, அந்த ராடை வெளியே எடுத்து அளந்தார். கம்பெனி போட்டது போட்டபடி இருந்தது. மறுபடி அளந்தார், துடைத்துவிட்டு இன்னொரு முறையும் அளந்தார்.

"என்ன வருஷக்காரரே, நீரே இந்த வண்டியைத் தொடறீர்?" என்று சிரித்தார் யார்டுக்காரர். "ஒரு வருஷமா ஒருத்தனும் கிட்ட வரலை. எல்லாம் உம்ம ஆசீர்வாதம்."

"ஒரு கம்பியை ஏன் மாமா மூணு தடவை அளக்கறீங்க?" என்றாள் மருமகள்.

"ஓட்டிப் பாக்கலாம், ஏறு" என்றார் அவர்.

"அண்ணே, என்ன இது?" என்றாள் தங்கை. அண்ணன் கைவைத்துப் பார்த்த வண்டி என்பதால் முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். மகள் ஸ்டியரிங்கில், நடுவில் தங்கை, ஜன்னலோரம் இவர். எங்கே ஓட்டுவது என்ற பேச்சே எழவில்லை. தினமும் ஓட்டப்போகிற ரோட்டில்தானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மகள் மலைப்பக்கம் திருப்பினாள். வருஷக்காரர் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தார். பின்னால், சாமான் ஏற்றும் தொட்டியில், இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு தேன்காரன் உட்கார்ந்திருந்தான். காற்றில் சட்டை படபடத்தது.

வண்டி மலை ஏறியது. ஏறியது என்று ஒரு சொல்லில் சொன்னால் அதற்குச் செய்கிற அநியாயம். முனகவில்லை, திணறவில்லை, இரண்டாம் கியரில் பல்லைக் கடிக்காமல் போயிற்று. மகள் முகமெல்லாம் சிரிப்பு. தேன்பெட்டி இருக்கும் இடம் வரை போய்த் திருப்பினாள். இறக்கம் தொடங்கியதும் தங்கை முன்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வருஷக்காரரின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. ஒவ்வொரு வளைவுக்கும் அவர் இல்லாத பெடலை மிதித்தார்.

ஏழாவது வளைவில் மகள் வண்டியை ஓரங்கட்டினாள். அங்கே நிறுத்த வேண்டும் என்று அவள் முன்பே நினைத்திருந்தாள்போல. இறங்கி முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து, புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"மாமா, வாங்க. தொட்டுப் பாருங்க. இவ்வளவு இறக்கம் இறங்கியிருக்கு, வெதுவெதுன்னுதான் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

அவர் இறங்கிப் போய்க் கையை வைத்தார். சும்மா வெயிலில் நின்ற இரும்பின் சூடு. அவ்வளவுதான். அன்றைக்கு வாசலில் நின்றவன் சொன்ன சக்கரத்தை இவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் கை பொசுங்கியிருக்கும். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல" என்றார். "அந்த வண்டியிலயும் இல்ல. நான்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எண்பத்து மூணின் ராடு, நகத்தின் கனம், நாலு நாள். தெரிந்தேதான் போட்டேன் என்பதையும் சொன்னார். தங்கை வண்டியிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்று கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அவருக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்றாள் கடைசியில். "வண்டி சரியில்லைன்னு?"

இந்த இடத்தில் நழுவியிருக்கலாம். தெரியவில்லை என்றால் முடிந்தது. தொட்டியிலிருந்து தேன்காரன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில வந்தான். வீல் சுடுதுன்னு சொன்னான். நான்... அப்படித்தான் இருக்கும், போயிட்டு வான்னு அனுப்பிட்டேன்."

"விக்கச் சொன்னேன்னியே? தலைபாடா அடிச்சிக்கிட்டேன்னியே?"

"சொல்லவே இல்ல. என் பேச்சைத் தட்டற ஆளா அவன்? நான் சொன்னா கேட்டிருப்பான்."

தங்கை பள்ளத்தைப் பார்த்தாள். "பதினோரு வருஷமா" என்றாள். "ஒரு நாள் விடாம அவர் படத்துக்கு முன்னாடி நின்னு திட்டியிருக்கேன். எங்களை நெனைக்காத மனுஷன்னு. இவளுக்கும் அதையே சொல்லிச் சொல்லி வளத்திருக்கேன். என் வாயால. என் புருஷனை."

மகள் அழ ஆரம்பித்தாள். தங்கை அழவில்லை.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார் வருஷக்காரர்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றே? அவர்கிட்ட சொல்லு. இங்கதானே விழுந்தாரு." மகளின் தோளைத் தொட்டாள். "கண்ணைத் தொடச்சிட்டு ஏறு. வண்டி நமக்குத்தான்."

வருஷக்காரர் ரோட்டில் கையூன்றி எழுந்து கதவைப் பிடித்தார். மூன்று பேர் தாராளமாக உட்காரக்கூடிய சீட்டு அது.

"நீ வேண்டாம்" என்றாள் தங்கை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போது தேன்காரன் தொட்டியில் எழுந்து நின்றான். லோடு ஏற்றி முடித்தவர்கள் செய்வதுபோல, முன்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான். டம் டம் என்று கேட்டது. ஸ்டியரிங்கில் இருந்த மகள் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். பிறகு கியரைப் போட்டாள்.

"மாப்பிள்ளை!" என்று கத்தினார் வருஷக்காரர்.

பதினோரு வருஷத்தில் அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. வண்டி நகர்ந்துவிட்டது. அவர் பின்னால் ஓடினார், ஐம்பத்தைந்து வயது முழங்கால் ஓடவிட்டவரை ஓடினார். "எண்பத்து நாலுடா! எண்பத்து நாலுதான்டா நல்ல வருஷம்! என்னை மன்னிச்சிடுடா!" என்று கத்தினார். தேன்காரனுக்குக் கேட்டிருக்கும், கேட்காத தூரமில்லை. ஆனால் அவன் திரும்பவில்லை. மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்த பக்கமே முகத்தை வைத்து, தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேலே நின்று பார்த்தால் அடுத்த மூன்று வளைவும் தெரியும். எட்டாவதில் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி நிதானமாகத் திரும்பியது, விளக்கு அணைந்தது. ஒன்பதாவதிலும் அப்படியே. பத்தாவதிலும் அப்படியே. பதினொன்றில் மரங்கள் மறைத்துவிட்டன.

வருஷக்காரர் நடந்தே மலை இறங்கினார். துணைக்கு யாரும் வரவில்லை.